வேர்டு கோப்பில் படம் தெரியவில்லையா? அழிப்பதற்கு முன் இதைப் பாருங்கள்

சிங்கப்பூரின் துவாஸ் வேலையிடத்தில் எடுத்த 40 புகைப்படங்களை வேர்டில் அடுக்கி, ஒவ்வொன்றின் கீழும் குறிப்பு எழுதி, வாராந்தர அறிக்கையை மின்னஞ்சலில் அனுப்பியாகிவிட்டது. அலுவலகத்தில் திறந்தவருக்கோ படம் இருக்க வேண்டிய இடத்தில் எல்லாம் சிவப்புப் பெருக்கல் குறி. அனுப்பியவர் கணினியில் அதே கோப்பு பிசிறில்லாமல் தெரிகிறது. தமிழாசிரியரின் பயிற்சித்தாளிலும், கோயில் திருவிழா மலரிலும், சமூக மன்ற நிகழ்ச்சி அறிக்கையிலும் இதே கதைதான்.

இப்படி ஆனதும் பலர் செய்யும் முதல் காரியம், தெரியாத படத்தை அழித்துவிட்டு மறுபடி போடுவது. மூலப்படம் கையில் இருந்தால் பரவாயில்லை. இல்லையென்றால், கோப்புக்குள் பத்திரமாக இருந்த ஒரே பிரதியையும் நீங்களே தூக்கி எறிந்ததாகிவிடும். எனவே எதையும் தொடுவதற்கு முன் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: படம் கோப்புக்கு உள்ளே இருக்கிறதா, வெளியே இருக்கிறதா, உள்ளே இருந்தும் மறைந்து கிடக்கிறதா? மூன்றுக்கும் மருந்து வேறு வேறு.

கீழே சொல்லும் படிகள் விண்டோஸ் கணினியில் உள்ள வேர்டு 2016க்கும் அதற்குப் பிந்தைய பதிப்புகளுக்கும் பொருந்தும். இங்கே பெரும்பாலான அலுவலகக் கணினிகளில் மெனு ஆங்கிலத்தில் இருப்பதால், அந்தப் பெயர்களையே தமிழ் எழுத்தில் தந்திருக்கிறோம்.

முதலில், ‘சேவ்’ பொத்தானிலிருந்து கையை எடுங்கள்

சிவப்புக் குறி தெரிகிற நிலையில் கோப்பைச் சேமிக்காதீர்கள். நினைவகம் போதாமல் வேர்டு தற்காலிகமாகப் படத்தைக் காட்டாமல் விடுவதும் உண்டு. அந்த நேரத்தில் சேமித்தால், தெரியாத படம் இல்லாத படமாக ஆகிவிடக்கூடும். சேமிக்காமல் மூடுங்கள், மற்ற கனமான செயலிகளையும் மூடுங்கள், கணினியை ஒருமுறை மறுதொடக்கம் செய்துவிட்டுத் திறந்து பாருங்கள். படம் வந்துவிட்டால் பிரச்சினை அத்தோடு தீர்ந்தது.

ஏற்கெனவே சேமித்துவிட்டீர்களா? கோப்பு ஒன்டிரைவிலோ ஷேர்பாயின்ட்டிலோ இருந்தால் ‘ஃபைல்’, ‘இன்ஃபோ’, ‘வெர்ஷன் ஹிஸ்டரி’ வழியாக முந்தைய பதிப்பைத் திறக்கலாம். மின்னஞ்சலில் முன்பு யாருக்காவது அனுப்பியிருந்தால், ‘சென்ட்’ பெட்டியில் உள்ள இணைப்பும் ஒரு பழைய பிரதிதான். இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

இனி செய்வதையெல்லாம் கோப்பின் நகலில் மட்டும் செய்யுங்கள்.

கோப்பின் வயிற்றைத் திறந்து பார்ப்பது

டாக்எக்ஸ் வகைக் கோப்பு உண்மையில் ஒரு ஜிப் பொட்டலம். எழுத்து ஒரு பக்கம், படங்கள் ஒரு பக்கம் என்று அதற்குள் தனித்தனி உறைகள் (ஃபோல்டர்கள்) இருக்கின்றன. படம் உள்ளே இருக்கிறதா என்பதை ஊகிக்கத் தேவையில்லை, நேரில் பார்த்துவிடலாம்.

1. விண்டோஸ் 11இல் ஃபைல் எக்ஸ்ப்ளோரரைத் திறந்து ‘வியூ’, ‘ஷோ’, ‘ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். கோப்புப் பெயரின் வால் அப்போதுதான் தெரியும்.
2. வேர்டு கோப்பை நகலெடுத்து, நகலின் வாலை டாக்எக்ஸ் என்பதிலிருந்து ஜிப் என்று மாற்றுங்கள். எச்சரிக்கை வந்தால் ‘யெஸ்’ கொடுங்கள்.
3. அதை இருமுறை சொடுக்கித் திறந்து, ‘வேர்ட்’ என்ற உறைக்குள்ளும், அதற்குள் உள்ள ‘மீடியா’ என்ற உறைக்குள்ளும் செல்லுங்கள்.

‘மீடியா’வில் இமேஜ்1, இமேஜ்2 என்ற பெயர்களில் படங்கள் வரிசையாக இருந்தால் நிம்மதி. அவற்றை அப்படியே வெளியே இழுத்துப் போட்டு வைத்துக்கொள்ளுங்கள், இனி எது நடந்தாலும் படம் போகாது. ‘மீடியா’ என்ற உறையே இல்லை என்றால் படங்கள் கோப்புக்குள் இல்லை, பெரும்பாலும் வெறும் முகவரி மட்டும்தான் இருக்கிறது. உறை இருந்தும் ஒரு படம் 0 கேபி என்றோ, தனியாகத் திறக்க மறுத்தோ நின்றால், அந்தப் படம் மட்டும் பழுதாகிவிட்டது என்று பொருள்.

ஜிப் ஆக்கியும் திறக்க மறுத்தால் மூன்று காரணங்களைப் பாருங்கள். கோப்பு பழைய டாக் வகையாக இருக்கலாம். அது ஜிப் அல்ல, எனவே வேர்டில் திறந்து ‘சேவ் அஸ்’ மூலம் டாக்எக்ஸாகச் சேமித்துவிட்டு முயலுங்கள். கடவுச்சொல் போட்ட கோப்பாக இருக்கலாம். கடவுச்சொல்லையோ நிறுவனத்தின் பாதுகாப்பு முத்திரையையோ வைத்துப் பூட்டிய கோப்பு மறையாக்கம் செய்யப்பட்டிருப்பதால் ஜிப்பாகத் திறக்காது. இரண்டும் இல்லையென்றால் கோப்பே சிதைந்திருக்கிறது. வேர்டில் ‘ஃபைல்’, ‘ஓப்பன்’, ‘பிரவுஸ்’ சென்று கோப்பை ஒருமுறை மட்டும் சொடுக்கி, ‘ஓப்பன்’ பொத்தானின் பக்கத்தில் உள்ள சிறு அம்புக்குறியில் ‘ஓப்பன் அண்ட் ரிப்பேர்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள்.

இதையெல்லாம் செய்வதற்கு முன்பே கோப்பின் எடை ஒரு துப்பு தரும். 40 புகைப்படங்கள் உள்ளதாகச் சொல்லும் கோப்பு 90 கேபி மட்டும் இருந்தால், படம் எதுவும் உள்ளே இல்லை என்று அடித்துச் சொல்லலாம்.

படம் வெளியே இருந்தால்: இணைப்பு அறுந்த கதை

வேர்டில் ‘இன்சர்ட்’, ‘பிக்சர்ஸ்’, ‘திஸ் டிவைஸ்’ போய்ப் படத்தைத் தேர்ந்தெடுக்கும் சாளரத்தில், ‘இன்சர்ட்’ பொத்தானுக்குப் பக்கத்தில் சின்ன அம்புக்குறி ஒன்று இருக்கிறது. அதில் மூன்று வழிகள் உண்டு. ‘இன்சர்ட்’ என்றால் படம் முழுதாகக் கோப்புக்குள் வந்துவிடும். ‘லிங்க் டு ஃபைல்’ என்றால் முகவரி மட்டும் வரும். ‘இன்சர்ட் அண்ட் லிங்க்’ என்றால் படமும் வரும், முகவரியும் வரும்.

கோப்பு கனமாகாமல் இருக்கட்டும் என்று யாரோ ஒருமுறை ‘லிங்க் டு ஃபைல்’ வைத்த மாதிரிக் கோப்பை, அலுவலகத்தில் எல்லாரும் ஆண்டுக்கணக்கில் நகலெடுத்துப் பயன்படுத்துவது சர்வசாதாரணம். நிறுவனச் சின்னம் அலுவலக வலையமைப்பின் ‘இசட்’ டிரைவில் இருக்கும். அலுவலகத்துக்குள் இருக்கும்வரை எல்லாருக்கும் தெரியும். வாடிக்கையாளருக்கு அனுப்பினால், அவர் கணினியில் ‘இசட்’ டிரைவ் ஏது? ‘தி லிங்க்ட் இமேஜ் கெனாட் பி டிஸ்ப்ளேய்ட்’ என்ற செய்திதான் அவருக்குத் தெரியும். கோப்பு இடம் மாறியிருக்கலாம், பெயர் மாறியிருக்கலாம், அழிந்திருக்கலாம் என்று அதே செய்தி தொடர்ந்து சொல்லும். மக்கள் அதைப் படிக்காமல் மூடிவிடுகிறார்கள். நோய் என்ன என்பதை வேர்டு தானாகவே சொல்லும் அரிய இடம் அது.

சரிசெய்வது, படம் சரியாகத் தெரியும் கணினியில்தான் எளிது. அதாவது அனுப்பியவரின் கணினியில்.

1. கோப்பைத் திறந்து ‘ஃபைல்’, ‘இன்ஃபோ’ செல்லுங்கள். வலது ஓரத்தின் அடியில் ‘எடிட் லிங்க்ஸ் டு ஃபைல்ஸ்’ என்று ஒரு வரி இருக்கும். இணைப்பு ஏதும் இல்லாத கோப்பில் இந்த வரியே வராது.
2. திறக்கும் பட்டியலில் படங்களைத் தேர்ந்தெடுத்து, ‘சேவ் பிக்சர் இன் டாக்குமென்ட்’ என்ற கட்டத்தில் குறியிடுங்கள்.
3. பிறகு ‘பிரேக் லிங்க்’ கொடுத்து, ‘யெஸ்’ சொல்லுங்கள்.
4. கோப்பைச் சேமித்து, எடை கூடியிருக்கிறதா என்று பாருங்கள். கூடியிருந்தால் படம் உள்ளே வந்துவிட்டது.

வரிசையை மாற்றாதீர்கள். படம் தெரியாத கணினியில் ‘பிரேக் லிங்க்’ கொடுத்தால், மூலப்படம் எங்கே இருந்தது என்ற முகவரியும் போய்விடும். அந்த முகவரியோ தேடுவதற்கு உங்களிடம் உள்ள ஒரே தடயம். அதே பட்டியலில் படத்தைத் தேர்ந்தெடுத்தால், அது எந்த டிரைவில், எந்தப் பயனர் பெயரின் கீழ், எந்த உறையில் இருந்தது என்பது முழுதாகத் தெரியும். வேலையை விட்டுப் போனவரின் பயனர் பெயர் அதில் இருந்தால், கணினிப் பிரிவினரிடம் எதைக் கேட்க வேண்டும் என்பது தெரிந்துவிட்டது. படம் வேறு இடத்தில் கிடைத்தால் ‘சேஞ்ச் சோர்ஸ்’ கொடுத்துப் புது இடத்தைக் காட்டலாம்.

இணையப் பக்கத்திலிருந்து எழுத்தோடு சேர்த்து நகலெடுத்து ஒட்டிய படங்கள் இன்னொரு ரகம். அவை ‘இன்க்ளூட் பிக்சர்’ என்ற புலமாக (ஃபீல்ட், அதாவது படத்தை வெளியிலிருந்து எடுத்துவரும் குறியீடாக) உட்கார்ந்து, திறக்கும்போதெல்லாம் இணையத்தை எட்டிப் பார்க்கக்கூடும். அந்தத் தளம் படத்தை எடுத்துவிட்டால் உங்கள் கோப்பிலும் போய்விடும். ‘ஆல்ட்’ விசையுடன் ‘எஃப்9’ அழுத்தினால் புலங்கள் எல்லாம் குறியீடாகத் தெரியும். மடிக்கணினிகளில் கூடவே ‘எஃப்என்’ விசையும் தேவைப்படலாம். நெளி அடைப்புக்குறிக்குள் படத்தின் முகவரி தெரிந்தால் உங்கள் சந்தேகம் சரி. மறுபடி ‘ஆல்ட்’, ‘எஃப்9’ அழுத்திப் படத்துக்குத் திரும்பி, அந்தப் படத்தை மட்டும் தேர்ந்தெடுத்து ‘கண்ட்ரோல்’, ‘ஷிஃப்ட்’, ‘எஃப்9’ மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். புலம் உடைந்து படம் கோப்பில் நிலைத்துவிடும். படத்தை மட்டும் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு: முழுக் கோப்பையும் தேர்ந்தெடுத்துவிட்டு இதைச் செய்தால், பொருளடக்கமும் படங்களின் தானியங்கி எண்களும்கூட வெறும் எழுத்தாக உறைந்துவிடும். பிறகு பக்கம் மாறினாலும் அவை மாறா.

மின்னஞ்சலில் வந்த கோப்பு மஞ்சள் பட்டையோடு ‘புரொடெக்டட் வியூ’வில் திறந்தால், வெளியிலிருந்து வர வேண்டிய படங்கள் வராமல் நிற்கலாம். அனுப்பியவர் தெரிந்தவர்தான் என்றால் மட்டும் ‘எனேபிள் எடிட்டிங்’ கொடுத்துப் பாருங்கள்.

உள்ளே இருந்தும் கண்ணில் படாத படங்கள்

தமிழில் கோப்பு தயாரிப்பவர்களுக்கு அடிக்கடி வரும் கோளாறு இந்தப் பகுதியில்தான் இருக்கிறது. படத்தைப் போட்டால் அதன் அடிப்பகுதி மட்டும் ஒரு கீற்றாக, ஓர் எழுத்தின் உயரத்துக்குத் தெரியும். மீதி காணோம்.

காரணம் வரி இடைவெளி. தமிழும் ஆங்கிலமும் கலந்து எழுதும்போது, லதா போன்ற தமிழ் எழுத்துருக்களுக்கு உயரம் அதிகம் என்பதால் வரிகள் ஏற்றத்தாழ்வாக விழும். அதைச் சீராக்க, ‘லைன் ஸ்பேசிங்’ என்பதில் ‘எக்ஸாக்ட்லி’ தேர்ந்தெடுத்து 18 பாயின்ட் என்று பலர் வைத்துவிடுகிறார்கள். எழுத்துக்கு அது நல்ல தீர்வுதான். ஆனால் வரியோடு நிற்கும் படத்தை வேர்டு ஒரு பெரிய எழுத்தாகவே கருதுகிறது. 18 பாயின்ட் என்பது 6.35 மில்லிமீட்டர். அந்த உயரத்துக்கு மேல் எதையும் காட்டாதே என்று நீங்களே சொல்லிவிட்ட பிறகு, 8 சென்டிமீட்டர் உயரப் படம் எப்படித் தெரியும்?

படம் உள்ள வரியில் சுட்டியை வைத்து ‘கண்ட்ரோல்’, ‘1’ அழுத்துங்கள். அந்தப் பத்தி மட்டும் ஒற்றை இடைவெளிக்கு மாறி, படம் முழுதாக எழுந்து நிற்கும். நிறையப் படங்கள் உள்ள கோப்பென்றால், ‘படம்’ என்ற பெயரில் தனி ஸ்டைல் ஒன்று உருவாக்கி, அதற்கு ஒற்றை இடைவெளியும் நடு ஒழுங்கும் கொடுத்துவிடுங்கள். பிறகு எழுத்தின் இடைவெளியை எப்படி மாற்றினாலும் படம் வெட்டுப்படாது.

அட்டவணைக்குள் வைத்த படம் வெட்டுப்பட்டால் இதே நோயின் தம்பி. ‘டேபிள் பிராப்பர்டீஸ்’, ‘ரோ’ பகுதியில் வரிசையின் உயரம் ‘எக்ஸாக்ட்லி’ என்று இருக்கும். ‘அட் லீஸ்ட்’ என்று மாற்றுங்கள்.

படம் இருக்கும் இடத்தில் வெறும் கட்டம் மட்டும் தெரிந்தால், ‘ஃபைல்’, ‘ஆப்ஷன்ஸ்’, ‘அட்வான்ஸ்ட்’ சென்று ‘ஷோ டாக்குமென்ட் கன்டென்ட்’ பகுதியில் ‘ஷோ பிக்சர் பிளேஸ்ஹோல்டர்ஸ்’ குறியை நீக்குங்கள். பழைய கணினிகள் வேகமாக ஓடுவதற்காக யாரோ வைத்த குறியாக இருக்கும். அதே இடத்தில் ‘ஷோ டிராயிங்ஸ் அண்ட் டெக்ஸ்ட் பாக்சஸ் ஆன் ஸ்கிரீன்’ என்பதில் குறி இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் எழுத்தைச் சுற்றி மிதக்கும் படங்கள் எதுவும் தெரியாது. திரையில் தெரிந்து தாளில் மட்டும் வராத படத்துக்கு, ‘ஆப்ஷன்ஸ்’, ‘டிஸ்ப்ளே’யில் ‘பிரிண்ட் டிராயிங்ஸ் கிரியேட்டட் இன் வேர்ட்’ என்ற குறியைப் பாருங்கள். ‘டிராஃப்ட்’ பார்வையிலும் மிதக்கும் படங்கள் தெரியா. ‘வியூ’, ‘பிரிண்ட் லேஅவுட்’ என்று மாற்றினால் போதும்.

இவற்றில் எதுவும் இல்லையென்றால் ‘லேஅவுட்’, ‘செலக்ஷன் பேன்’ திறந்து பாருங்கள். அந்தப் பக்கத்தில் மிதக்கும் பொருள்கள் எல்லாம் பெயரோடு வரும். கண் சின்னம் மூடியிருந்தால் படம் மறைக்கப்பட்டிருக்கிறது. வெள்ளைப் பெட்டிக்குப் பின்னால் படம் ஒளிந்திருந்தாலும் இங்கே பிடிபட்டுவிடும்.

பக்கத் தலைப்பில் உள்ள சின்னம் வெளிறித் தெரிகிறது என்று கவலைப்படுகிறவர்களும் உண்டு. அது கோளாறு அல்ல. உடல் பகுதியில் எழுதிக்கொண்டிருக்கும்போது தலைப்பை வேர்டு அப்படித்தான் மங்கலாகக் காட்டும், அச்சில் சரியாகவே வரும்.

கோப்பு வகை ஒத்துவராத போது

ஐஃபோன்கள் 2017இல் வந்த ஐஓஎஸ் 11 முதல் படங்களை எச்இஐசி வகையில் சேமிக்கின்றன. இடத்தை மிச்சப்படுத்தும் நல்ல வகைதான், ஆனால் அதற்குரிய நீட்சி நிறுவப்படாத விண்டோஸ் கணினி அதைத் திறக்காது. நிறுவனக் கணினியில் எதையும் நிறுவ உங்களுக்கு அனுமதி இல்லாவிட்டால், கைப்பேசியிலேயே மாற்றிவிடுவது மேல்: ‘செட்டிங்ஸ்’, ‘கேமரா’, ‘ஃபார்மட்ஸ்’, ‘மோஸ்ட் கம்பேட்டிபிள்’. இனி எடுக்கும் படங்கள் ஜேபிஜியாக வரும். ஏற்கெனவே எடுத்தவை மாறா.

கோப்பின் வாலை எச்இஐசி என்பதிலிருந்து ஜேபிஜி என்று கையால் மாற்றுவது பயனற்ற வேலை. பெயர்ப்பலகையை மாற்றினால் கடைக்குள் உள்ள சரக்கு மாறுமா? இணையத்திலிருந்து இறக்கிய வெப்பி வகைப் படங்களுக்கும் இதுவே. விண்டோஸின் ‘பெயின்ட்’ செயலியில் திறந்து, ‘சேவ் அஸ்’ மூலம் பிஎன்ஜி அல்லது ஜேபிஜியாகச் சேமித்துவிட்டுப் பிறகு வேர்டில் போடுங்கள்.

வடிவமைப்பாளர் தந்த சின்னம் இபிஎஸ் வகையில் இருந்தால் வேர்டில் நுழைக்க முயலவே வேண்டாம். பாதுகாப்புக் காரணங்களுக்காக மைக்ரோசாஃப்ட் 2017இல் அந்த ஆதரவை முடக்கிவிட்டது. அதே சின்னத்தைப் பின்னணி இல்லாத பிஎன்ஜியாகக் கேட்டு வாங்குங்கள்.

எவ்வளவு பெரிய படம் போதும்?

ஏ4 தாளின் அகலம் 21 சென்டிமீட்டர். இருபுறமும் வழக்கமான 2.54 சென்டிமீட்டர் ஓரம் போக, படத்துக்கு 15.92 சென்டிமீட்டர், அதாவது ஏறத்தாழ 6.27 அங்குலம் கிடைக்கும். அங்குலத்துக்கு 220 புள்ளி (பிக்சல்) என்று கணக்கிட்டால், சுமார் 1,380 புள்ளி அகலம் உள்ள படம் அலுவலக அச்சுக்குத் தாராளம். இரண்டு படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் 7.5 சென்டிமீட்டரில் வைத்தால், ஒவ்வொன்றுக்கும் 650 புள்ளி போதும். கைப்பேசியின் 12 மெகாபிக்சல் படமோ 4,032 புள்ளி நீளம், 3,024 புள்ளி அகலம். தேவைக்குப் பல மடங்கு. ஒரு படம் 3 எம்பி என்றால் 40 படங்கள் 120 எம்பி. ஜிமெயிலின் இணைப்பு வரம்பு 25 எம்பி.

எனவே ‘பிக்சர் ஃபார்மட்’, ‘கம்ப்ரெஸ் பிக்சர்ஸ்’ சென்று, ‘அப்ளை ஓன்லி டு திஸ் பிக்சர்’ குறியை நீக்கி, 150 அல்லது 220 என்பதைத் தேர்ந்தெடுங்கள். மீட்டர் அளவு, விரிசலின் அகலம், வரிசை எண் போன்ற நுண்ணிய விவரம் உள்ள படங்களுக்கு மட்டும் 220க்குக் கீழே இறங்க வேண்டாம். சுருக்கிச் சேமித்தபின் பழைய தெளிவு திரும்ப வராது, ‘ரீசெட் பிக்சர்’ அழுத்தினாலும் வராது.

நீங்கள் சுருக்காமலே படம் மங்குகிறதா? வேர்டு சேமிக்கும்போது தானாகவே சுருக்குகிறது. ‘ஆப்ஷன்ஸ்’, ‘அட்வான்ஸ்ட்’, ‘இமேஜ் சைஸ் அண்ட் குவாலிட்டி’யில் ‘டு நாட் கம்ப்ரெஸ் இமேஜஸ் இன் ஃபைல்’ குறியிடுங்கள். இது அந்தக் கோப்புக்கு மட்டுமே பொருந்தும் என்பதால், படங்களைப் போடத் தொடங்குவதற்கு முன்பே செய்ய வேண்டிய வேலை. பிடிஎஃப் ஆக்கும்போது ‘மினிமம் சைஸ்’ தேர்ந்தெடுத்திருந்தாலும் படம் மங்கும். ‘ஸ்டாண்டர்ட்’ என்று வையுங்கள்.

வாட்ஸ்அப்பில் வழக்கமான முறையில் வந்த படங்கள் ஏறத்தாழ 1,600 புள்ளி நீளத்துக்குச் சுருக்கப்பட்டவை. மேலே உள்ள கணக்குப்படி ஏ4 அறிக்கைக்கு அவையே போதும். ஆனால் படம் எடுத்த தேதி, நேரம் போன்ற உள்விவரங்கள் அவற்றில் உதிர்ந்துவிடும். எப்போது எடுத்தது என்பதை நிரூபிக்க வேண்டிய பாதுகாப்பு அறிக்கை என்றால், படத்தை ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்பச் சொல்லுங்கள். திருவிழா மலரின் அட்டைக்கு வாட்ஸ்அப் படம் ஆகவே ஆகாது: முழு ஏ4 பக்கத்துக்கு 300 புள்ளி அடர்த்தியில் 2,480க்கு 3,508 புள்ளி வேண்டும். சன்ஷைன் பிளாசாவிலோ பிராஸ் பசா காம்ப்ளெக்ஸிலோ உள்ள அச்சுக்கடைக்குப் போய் நின்றபின் இதைக் கண்டுபிடிப்பது வீண் அலைச்சல்.

இதே இடத்தில் ஒரு வேண்டுகோள். எழுத்துரு மாறிவிடும் என்ற பயத்தில் தமிழ்க் கவிதையையோ வாழ்த்துரையையோ திரைப்பிடிப்பாக எடுத்துப் படமாக ஒட்டாதீர்கள். அச்சில் எழுத்தின் விளிம்பெல்லாம் கரைந்து தெரியும், பிழை திருத்தவும் முடியாது. யுனிகோடில் தட்டச்சு செய்து, ‘ஆப்ஷன்ஸ்’, ‘சேவ்’ பகுதியில் ‘எம்பெட் ஃபான்ட்ஸ் இன் தி ஃபைல்’ குறியிட்டால், உரிமம் அனுமதிக்கும் எழுத்துரு கோப்போடு பயணிக்கும்.

வெட்டிய பகுதி வெட்டுப்படவில்லை

வேலை அனுமதி அட்டையின் படத்தை வேர்டில் போட்டு, எண் உள்ள பகுதியை ‘கிராப்’ செய்து மறைத்துவிட்டதாக நினைக்கிறோம். உண்மையில் முழுப் படமும் கோப்புக்குள் அப்படியே இருக்கிறது. பெறுபவர் ‘கிராப்’ பொத்தானை அழுத்தி ஓரத்தை இழுத்தால் எண் வெளியே வந்துவிடும். மேலே சொன்ன ஜிப் வழியில் ‘மீடியா’ உறையைத் திறந்தாலும் தெரியும். எண்ணின் மேல் கறுப்புப் பெட்டி வரைந்திருந்தால் இன்னும் எளிது, பெட்டியை நகர்த்தினால் போதும்.

சிங்கப்பூரில் அடையாள அட்டை எண், வேலை அனுமதி எண் போன்றவற்றைத் தேவையின்றிச் சேகரிப்பதையும் வெளியிடுவதையும் கட்டுப்படுத்தும் தனிநபர் தரவுப் பாதுகாப்பு வழிகாட்டி 1 செப்டம்பர் 2019 முதல் நடப்பில் இருக்கிறது. எனவே ‘கம்ப்ரெஸ் பிக்சர்ஸ்’ சாளரத்தில் ‘டிலீட் கிராப்ட் ஏரியாஸ் ஆஃப் பிக்சர்ஸ்’ குறியிட்டுச் சேமியுங்கள். அதைவிட நல்ல வழி, வேர்டுக்குக் கொண்டுவருவதற்கு முன்பே ‘பெயின்ட்’டில் எண்ணை அழித்துச் சேமித்துவிடுவது. அதற்குத் தேவை இரண்டு நிமிடம்.

படம் அங்கும் இங்கும் ஓடினால்

மேலே ஒரு வரி சேர்த்தால் மூன்றாம் பக்கத்துப் படம் ஐந்தாம் பக்கத்துக்கு ஓடுகிறது. மிதக்கும் படம் ஏதாவது ஒரு பத்தியில் நங்கூரம் போட்டிருக்கும், பத்தி போகும் இடத்துக்கு அதுவும் போகும். நங்கூரத்தைப் பூட்டலாம், பக்கத்தில் நிலைநிறுத்தலாம், ஆனால் புகைப்பட அறிக்கைக்கு இவையெல்லாம் வீண் சிரமம். படத்தை ‘இன் லைன் வித் டெக்ஸ்ட்’ என்று வைத்து, இரண்டு நெடுவரிசை கொண்ட அட்டவணைக்குள் போட்டுவிடுங்கள்: மேல் வரிசையில் படம், கீழ் வரிசையில் குறிப்பு. ‘டேபிள் பிராப்பர்டீஸ்’, ‘ஆப்ஷன்ஸ்’ பகுதியில் ‘ஆட்டோமேட்டிக்கலி ரீசைஸ் டு ஃபிட் கன்டென்ட்ஸ்’ குறியை நீக்கினால், உள்ளே விழும் படம் கட்டத்தின் அகலத்துக்குத் தானே சுருங்கும். ‘ரோ’ பகுதியில் ‘அலவ் ரோ டு பிரேக் அக்ராஸ் பேஜஸ்’ குறியையும் எடுத்துவிடுங்கள். படத்தின் வரிசையில் ‘கீப் வித் நெக்ஸ்ட்’ கொடுத்தால் படம் ஒரு பக்கம், குறிப்பு மறு பக்கம் என்று பிரியாது.

வேர்டு அல்லாத இடங்களில்

லிப்ரேஆபிஸ் ரைட்டரில் இணைப்பு அறுந்த படத்தின் இடத்தில் ‘ரீட்-எரர்’ என்று வரும். ‘எடிட்’ மெனுவில் வெளிக் கோப்பு இணைப்புகளின் பட்டியலைத் திறந்து ‘பிரேக் லிங்க்’ கொடுத்தால் படம் உள்ளே வந்துவிடும். அதன் ஓடிடி கோப்பும் ஜிப்தான், படங்கள் ‘பிக்சர்ஸ்’ என்ற உறையில் இருக்கும். வெப்பி வகைப் படத்தை 7.4 பதிப்பு முதல் ஏற்கிறது. கூகல் டாக்ஸில் இருந்து எல்லாப் படங்களையும் மொத்தமாக எடுக்க வேண்டுமானால் ‘டவுன்லோட்’ மெனுவில் வெப் பேஜ் வகையைத் தேர்ந்தெடுங்கள், படங்கள் தனி உறையில் ஜிப்பாக இறங்கும்.

அனுப்புவதற்கு முன்

அலுவலகக் கணினியில் சரியாகத் தெரிகிறது என்பது சான்று ஆகாது, ஏனென்றால் ‘இசட்’ டிரைவும் மூலப்படங்களும் அதில்தானே இருக்கின்றன. கோப்பை உங்கள் கைப்பேசிக்கு அனுப்புங்கள். இறங்கி முடிந்ததும் விமானப் பயன்முறையைப் போட்டு, இணையம் இல்லாமல் திறந்து கடைசிப் பக்கம் வரை தள்ளிப் பாருங்கள். அங்கே தெரியும் படம் எங்கேயும் தெரியும். திருத்தம் எதுவும் தேவைப்படாத பெறுநருக்கு வேர்டு கோப்பை அனுப்பாமல் பிடிஎஃப் ஆக்கி அனுப்புங்கள். ஆனால் பிடிஎஃப் ஆக்கும் நேரத்தில் திரையில் சிவப்புக் குறி இருந்தால், அதிலும் சிவப்புக் குறிதான் பதியும்.